அப்பாவுக்குத் ‘தூ’ போதும்

தம்பி,

சாப்பிட்டாயா என்று கேட்டுத்தான் நம் வீட்டில் எந்தப் பேச்சும் தொடங்கும். அதை உன் அம்மா காலையிலிருந்து போனில் மூன்று தடவை கேட்டுவிட்டாள். நீயும் மூன்று தடவை ஆமாம் என்று சொல்லிவிட்டாய். அதனால் எனக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இது நான்காவது தாள். முதல் மூன்றையும் கசக்கி அடுப்பில் போட்டாயிற்று. "கடுதாசி எழுதுறீங்களா, இல்ல அடுப்புப் பத்த வைக்கிறீங்களா?" என்று அம்மா கேட்கிறாள். அவளுக்கு என்ன, கேட்டுவிட்டுச் சிரிப்பாள்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நீ பையைத் தூக்கிக்கொண்டு தெமோதரையில் பஸ் ஏறி ஐந்து மணித்தியாலம் ஆகிறது. மழை இப்படியே பெய்தால் ரோட்டில் மண் சரிந்துவிடும், வியாழக்கிழமை பிரெஞ்சு வினாத்தாள் அன்றைக்குப் பஸ் வராமல் போய்விடும் என்று பயந்து, பதுளையில் மாமா வீட்டில் தங்கிக்கொள் என்று உன்னை அனுப்பியது நான்தான். அனுப்பிவிட்டு எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்குப் போகிறேன், மழையைப் பார்க்கிறேன், உள்ளே வருகிறேன், உன் மேசையில் இருக்கிற பழைய வினாத்தாள்களை எடுத்து அடுக்குகிறேன், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்குகிறேன். "ஒன்னு வெளிய நில்லுங்க, இல்லாட்டி உள்ள வந்து உக்காருங்க. கதவத் தொறந்து தொறந்து ஊதக்காத்து பூரா வீட்டுக்குள்ள வந்துருச்சு" என்று அம்மா சத்தம் போட்ட பிறகுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சுற்றி வளைத்தால் இந்தத் தாளும் அடுப்புக்குத்தான் போகும். ஆகவே சொல்லிவிடுகிறேன். போன வருடம் உன்னைப் பிரெஞ்சு வகுப்பிலிருந்து நிறுத்தியது கல்பனா மிஸ் இல்லை. நான். மிஸ் உன்னை வரவேண்டாம் என்று சொன்னதாக நான் சொன்னது பொய். நீ இந்தப் பாடத்தை இரண்டாம் தடவை, எல்லாரும் 'செகண்ட் ஷை' என்கிறார்களே, அப்படி எழுதுவதற்குக் காரணம் உன் மூளையும் இல்லை, மிஸ்ஸும் இல்லை. இதை நீ வியாழக்கிழமைக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும். ஏன் முன்னால் என்பதையும் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துப் படி.

உனக்குப் பிரெஞ்சு எப்படி வந்தது என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். ஒன்பதாம் ஆண்டு படிக்கும்போது ரயில் பாதையோரமாக நடந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் புருஷன் பெண்சாதிக்கு வழி காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாய். வந்ததிலிருந்து "மெர்சி, மெர்சி" என்று ஒரே முணுமுணுப்பு. தண்ணீர் கொடுத்தால் மெர்சி, சோறு போட்டால் மெர்சி. இரண்டு நாள் பார்த்துவிட்டு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யாருங்க அந்த மேர்சி? நம்ம தோட்டத்துப் புள்ளயா, டவுனா?" என்று கேட்டாள். நானும் யோசித்தேன், கீழ் லயத்து வரிசை வீடுகளில் அப்படி ஒரு பெண் இருக்கிறதா என்று. பிறகு நீ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அது நன்றி என்று சொன்னாய். அன்றைக்கு ஆரம்பித்தது. ரயில் பாலம் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களில் யார் பிரெஞ்சுக்காரர் என்று தூரத்திலேயே கண்டுபிடித்து ஓடுவாய். உயர்தர வகுப்புக்கு வந்தபோது, பாடசாலையில் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத பாடத்தை எடுத்தே தீருவேன் என்று அதிபர் முன்னால் போய் நின்றாய். எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெருமையை உன்னிடம் சொல்லவில்லை. நம் வீட்டில் அப்பாமார் அதையெல்லாம் மற்றவர்களிடம்தான் சொல்வார்கள். நான் தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கிற மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னேன்.

கல்பனா மிஸ்ஸைக் கண்டுபிடித்ததும் நீதான். பாண்டிச்சேரியில் பிறந்து, அங்கே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து, பதுளைக் கடைவீதியில் ஒரு துணிக்கடைக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர். கடைக்கு மேல்மாடியில், துணி மூட்டைகளுக்கு நடுவே நாலு பிளாஸ்டிக் கதிரை போட்டுச் சொல்லிக்கொடுக்கிறார் என்றதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீ முதல் வகுப்புக்குப் போய் வந்து, "அப்பா, மிஸ் பேசுற தமிழும் நம்ம தமிழும் ஒரே மாதிரி இருக்குங்கப்பா" என்று சொன்னாய். அதில் எனக்கு ஒரு நிம்மதி.

இனி உன் பிரெஞ்சுக் கொப்பிக்கு வருகிறேன். பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. நீ குளிக்கப் போயிருந்தாய். மேசையில் கொப்பி திறந்து கிடந்தது. ஒரு பக்கம் முழுக்க சிவப்பு வட்டம். அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. நீ வந்ததும், "என்னடா இது, ஒரு பக்கத்துல இத்தன பிழையா?" என்று கேட்டேன். நீ தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாய்: "அது ஒரே பிழதான்ப்பா. திருப்பித் திருப்பிப் பண்ணிட்டேன். அப்பாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னாங்க. நான் 'வூ' போட்டு எழுதிட்டேன். 'வூ'ன்னா நீங்க. அப்பாவுக்குத் 'தூ' போடணுமாம்."

"தூவா?"

"ஆமாங்கப்பா. 'தூ'ன்னா நீ."

நீ உதட்டைக் குவித்து எப்படியோ மெதுவாகத்தான் சொன்னாய். என் காதில் விழுந்தது 'தூ'. நம் ஊரில் ஒருவனைப் பார்த்துத் தூ என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பொம்பளை, என் பிள்ளைக்கு, பெற்ற அப்பனைப் பார்த்துத் தூ என்று சொல்லப் பழக்குகிறாள் என்றுதான் என் மண்டைக்குள் ஏறியது. அர்த்தம் கேட்ட பிறகும் ஆறவில்லை. துப்புவது இல்லை, வெறும் 'நீ'தான் என்றாய். எனக்கு அது துப்புவதைவிடப் பெரிதாகப் பட்டது.

ஏன் என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. உன் தாத்தா, என் அப்பா, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். காலையில் ஆளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு அவர் பின்னால் நானும் சின்ன வயதில் போவேன். அங்கே ஒரு கணக்கப்பிள்ளை, மீசைகூடச் சரியாக முளைக்காதவன், "ஏய் நீ, மேல் மலைக்குப் போ. நீயி, என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?" என்பான். அப்பா, "சரிங்க, போறேங்க" என்பார். அவன் வயதுக்கு அப்பாவுக்கு மூத்த பிள்ளையே இருந்தது. ஒரு நாள்கூட அவன் வாயில் 'நீங்க' வந்ததில்லை. அப்பாவும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. எனக்குப் பிள்ளை பிறந்தால் அது என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிடும், இந்த உலகத்தில் ஒரு வாயாவது எனக்கு மரியாதை கொடுத்தே ஆகவேண்டும் என்று அப்போதே முடிவு பண்ணினேன். நீ பேச ஆரம்பித்ததும் பழக்கினேன். அம்மாவையும் 'நீங்க' என்று சொல்லப் பழக்கலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. "என்னைய நீன்னே சொல்லட்டும். அதுல நான் என்ன கொறஞ்சா போயிருவேன்?" என்றாள். அதனால்தான் இன்றைக்கும் அம்மாவை நீ என்கிறாய், என்னை நீங்கள் என்கிறாய். தோட்டத்தில் பாதி வீட்டில் அப்படித்தான் என்று நானும் அதைப் பற்றி அப்புறம் யோசிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நீ காய்ச்சலில் படுத்திருந்தாய், ஞாபகம் இருக்கும். வகுப்புக்கு வரமாட்டாய் என்று சொல்லிவிட்டு வருவதாகப் பதுளைக்குப் போனேன். சொல்லப் போகவில்லை, சண்டை பிடிக்கப் போனேன். மேல்மாடியில் மூன்று பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன். "பெத்த தகப்பன நீன்னு எழுதச் சொல்லித்தான் படிப்பு சொல்லிக் குடுக்குறீங்களா?" என்று கேட்டேன். மிஸ் பதறவில்லை. எழுந்து நின்று, "உக்காருங்க சார்" என்றார். நான் உட்காரவில்லை.

"நானும் எங்கப்பாவ நீங்கன்னுதான் சார் கூப்பிடுவேன். ஆனா பிரெஞ்சுல எழுதினா தூதான். அது மரியாத இல்லாம சொல்றது இல்ல. நம்ம ஆளுன்னு சொல்றது. வூ போட்டு எழுதினா யாரோ ஆபீசருக்கு மனு எழுதின மாதிரி ஆயிடும். மார்க்கும் போயிடும்."

"அந்த மார்க்கு எங்க புள்ளைக்கு வேணாங்க."

"சார், கோயிலுக்குப் போறீங்க. முருகா, நீங்க என்னைக் காப்பாத்துங்கன்னா கும்பிடுறீங்க? நீதான் காப்பாத்தணும்னுதானே சொல்றீங்க?"

அந்த மூன்று பிள்ளைகளில் ஒன்று சிரித்துவிட்டது. எனக்குப் பதில் வரவில்லை. பதில் வராதபோது வருகிற கோபம் இருக்கிறதே, அது பொல்லாத கோபம், தம்பி. உனக்கும் என் இரத்தம்தான், அதனால் சொல்கிறேன். வாதத்தில் தோற்றுவிட்டோம் என்று தெரிந்தால் தோற்றதாகவே இருந்துவிடு. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படு. நான் அப்படிச் செய்யவில்லை. "என் மகன் இனி இங்க வரமாட்டான்" என்று சொல்லிவிட்டு, படியில் கால் தடுக்கி, கீழே கடையில் நின்றவர்கள் எல்லாம் பார்க்க இறங்கி வந்தேன்.

திரும்பி வருகிற பஸ் ஹாலிஎல ஊரைத் தாண்டுவதற்குள் கோபம் இறங்கிவிட்டது. நான் செய்தது தப்பு என்று எனக்கு அங்கேயே தெரிந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. அந்தப் படியில் மறுபடி ஏறி அந்தப் பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டுமே என்ற வெட்கம். வீட்டுக்கு வந்தேன். நீ போர்வைக்குள்ளிருந்து, "மிஸ் என்னப்பா சொன்னாங்க?" என்று கேட்டாய். "இனி உனக்குக் கிளாஸ் இல்லையாம்" என்றேன். "ஏங்கப்பா?" என்றாய். நான் யோசிக்கவே இல்லை. வாயில் வந்தது. "டவுன் புள்ளைகளுக்கே எடம் பத்தலையாம். தோட்டத்துப் புள்ளைய எடுக்க முடியாதாம்."

நீ மறுகேள்வி கேட்பாய் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் பிடிபட்டிருப்பேன். நீ கேட்கவில்லை. "ம்" என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அவ்வளவு சுலபமாக நம்பினாய். அந்தச் சொல்லை நீ இதற்கு முன்னால் எத்தனை இடத்தில் கேட்டிருந்தால் அப்படி உடனே நம்பியிருப்பாய் என்று பிறகுதான் உறைத்தது. என் அப்பாவைக் குறுக வைத்தது எதுவோ, அதையே எடுத்து என் பிள்ளை தலையில் போட்டேன். எனக்கு ஒரு 'நீங்க' காப்பாற்ற வேண்டும் என்பதற்காக.

மிஸ் என் போனுக்கு இரண்டு தடவை அழைத்தார். நான் எடுக்கவில்லை. நீ அவர் இலக்கத்தை உன் போனிலிருந்து அழித்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னாய். பரீட்சை வந்தது, பிறகு பெறுபேறு வந்தது. மற்ற இரண்டு பாடத்திலும் நல்ல பெறுபேறு, பிரெஞ்சில் எஸ். வெறும் சாதாரணப் பாஸ். பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. நீ என்னைக் குறை சொல்லவில்லை. "தோட்டத்துல இருந்து எஸ் எடுத்ததே பெரிய விசயம்ப்பா" என்று எனக்கே ஆறுதல் சொன்னாய். எல்ல ஊர்ப் பக்கம் ஒரு விடுதியில் பை தூக்கப் போனாய், வெளிநாட்டுக்காரர்களிடம் பேசிப் பேசியே படித்தாய், இரண்டாம் தடவைக்கு விண்ணப்பம் போட்டாய். நான் ஸ்டோருக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வருவேன். உன் முகத்தைப் பார்த்ததும் நாளைக்கு என்று விட்டுவிடுவேன். இதில் வியப்பு என்னவென்றால் சோறு மட்டும் நன்றாகத்தான் இறங்கியது. பொய் சொன்னவனுக்குப் பசிக்காது என்பதெல்லாம் சும்மா பேச்சு.

அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள். போய் வந்து எழுதுகிறேன்.

திங்கட்கிழமை. நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கிழிக்கவில்லை. ஸ்டோரில் இன்றைக்கு இரண்டு தடவை வேலையை மறந்து நின்றேன், சூப்பர்வைசர் என்ன ஏது என்று கேட்டார். மகனுக்குப் பரீட்சை என்றேன். "பரீட்ச மகனுக்கா, ஒங்களுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆறு வாரத்துக்கு முன்னால் பதுளை பஸ் நிலையத்தில் மிஸ்ஸைக் கண்டேன். நான் காணாத மாதிரி வேறு வரிசைக்கு நகர்ந்தேன். அவர்தான் குடையோடு வந்து எதிரில் நின்றார். "சார், உங்க பையன் என்னைப் பாத்தா ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுறான். நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அத்தனை பேர் நிற்கிற இடத்தில், நனைந்துகொண்டே, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. "தோட்டத்துப் புள்ளன்னு நான் சொன்னதாவா சொன்னீங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நான் தலையாட்டினேன். பிறகு, "நாளைக்கு அவனை நானே கூப்பிடுறேன். ஏன் நிறுத்தினேன்னு கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன். அதை நீங்கதான் சொல்லணும்" என்றார். மறுநாள் நீ பல்லெல்லாம் தெரிய வந்து, "மிஸ் வரச் சொல்லிட்டாங்கப்பா" என்றாய். அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு நீ சந்தோஷமாக இருந்தாய், அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்று ஒரு சாக்கு. சாக்குக்கு எனக்கு என்றைக்கும் பஞ்சம் இல்லை.

போன சனிக்கிழமை மிஸ் என்னை வரச் சொன்னார். நீ வகுப்பு முடிந்து போன பிறகு போனேன். மூன்று கடிதத்தை மேசையில் வைத்தார். எல்லாம் நீ எழுதியது. "இது அம்மாவுக்கு. தூ போட்டு அழகா எழுதியிருக்கான். இது ஃப்ரெண்டுக்கு, இதுவும் சரி. இது அப்பாவுக்கு." அந்த மூன்றாவதில் மறுபடி சிவப்பு. மிஸ் சொன்னார்: "இலக்கணம் தெரியாம இல்ல சார். ஏ எடுக்கிற பையன். அப்பான்னு வந்தா மட்டும் கை வூவுக்குப் போயிடுது. பாதியில ஞாபகம் வந்து தூவுக்கு மாத்துறான், அப்புறம் திரும்ப வூ. கடிதமே குழம்பிப் போகுது. பரீட்சையில அப்பாவுக்குன்னு கேட்டா அந்தக் கேள்வியே போச்சு."

ஏன் இப்படி என்று உன்னிடம் கேட்டாராம். நீ சொன்ன பதிலையும் சொன்னார். "தூன்னு எழுதணும்னு தெரியும் மிஸ். ஆனா அப்படிக் கூப்பிட்டா எங்கப்பா திரும்பிப் பாக்க மாட்டார்."

நீ விளையாட்டாகச் சொல்லியிருப்பாய். எனக்கு அது விளையாட்டில்லை. அந்தப் பழைய நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறது என்று நான் நினைக்கவே இல்லை. உனக்கு நாலு வயது. அம்மா கொழுந்து எடுக்கப் போயிருந்தாள். மழை விட்டிருந்தது. லயத்துக்குப் பின்னால் மழைத் தண்ணீர் ஓடுகிற கானில் சறுக்கி விழுந்துவிட்டாய். இடுப்பளவு தண்ணீர். "அப்பா நீ வா, அப்பா நீ வா" என்று கத்தினாய். நான் பத்தடி தூரத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தேன். ஆழம் இல்லை என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. நான் திரும்பவில்லை. "அப்பாவ எப்படிக் கூப்பிடணும்?" என்று கேட்டேன். நீ அழுதாய். நான் பிழிந்த துணியையே மறுபடி பிழிந்துகொண்டு நின்றேன். கடைசியில் குளிரில் பல் கிட்டிக்கொண்டு, "வாங்க… அப்பா வாங்க" என்றாய். அப்புறம்தான் தூக்கினேன். இதை நான் பல வருடம் ஸ்டோரில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கானுக்குள்ள விழுந்தும் என் மகன் மரியாத மறக்கல என்று. கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அம்மாவிடம் மட்டும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மரியாதை என்று நான் உனக்குப் பழக்கியது பயத்தை, தம்பி. கணக்கப்பிள்ளை முன்னால் என் அப்பா "சரிங்க" என்றாரே, அதே 'ங்க'தான் உன் வாயிலும் வந்தது. நான் அதைக் கேட்டுக் குளிர்ந்துகொண்டிருந்தேன். உன்னை நான் நீ என்றுதான் கூப்பிடுகிறேன். இந்தக் கடிதம் முழுக்க நீ, நீ என்றுதான் எழுதியிருக்கிறேன். அதில் ஒரு இடத்திலாவது உன்னைத் தாழ்த்தினேனா? உன்மேல் எனக்கு இருக்கிற பாசம் அத்தனையும் அந்த ஒற்றை எழுத்தில்தானே இருக்கிறது. எனக்கு மட்டும் அதே எழுத்து வந்தால் அவமானம் என்று இருபது வருடம் நினைத்தேன். நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் வரும். அவை உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகின்றனவோ கூப்பிடட்டும். கூப்பிட்டால் திரும்பிப் பார். அவ்வளவுதான் நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்தி. வேறு புத்தி சொல்லும் தகுதியை நானே கெடுத்துக்கொண்டேன்.

மிஸ்ஸிடம் நீ போய் ஒரு வார்த்தை சொல். ஒரு வருடம் ரோட்டைத் தாண்டிப் போனதற்கு. அவர் செய்யாத குற்றத்துக்கு உன் முகச்சுளிப்பை வாங்கிக்கொண்டவர். நீ மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, அது என் பாடு. உண்மை தெரிந்துவிட்டது என்று சொன்னால் போதும்.

பரீட்சைக்கு முன்னால் இதைச் சொன்னால் உன் மனம் குழம்பிவிடும் என்று அம்மா பயப்படுகிறாள். ஆமாம், நேற்று அவளிடமும் சொல்லிவிட்டேன், கானையும் சேர்த்து. அவள் என்னோடு பேசி ஒரு நாளாகிறது. சாப்பாடு மட்டும் போடுகிறாள், தட்டு வைக்கிற சத்தத்தில் எல்லாம் தெரிகிறது. குழம்புமோ என்று எனக்கும் பயம்தான். ஆனால் நீ வியாழக்கிழமை அந்த மண்டபத்துக்குள் வேண்டாம் என்று விரட்டப்பட்ட பிள்ளையாகப் போய் உட்காரக் கூடாது. உன்னை யாரும் விரட்டவில்லை. நீ நல்ல மாணவன் என்று உன் மிஸ் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை உன்னிடம் வரவிடாமல் தடுத்தது உன் அப்பா ஒருவன்தான். கோபம் வந்தால் வரட்டும். என் மேல் கோபத்தோடு போ, உன் மேல் சந்தேகத்தோடு போகாதே.

இதைத் தபாலில் போட மாட்டேன். நாளைக்கு லீவு சொல்லியிருக்கிறேன். முதல் பஸ்ஸில் வந்து மாமா வீட்டு வாசலில் உன் கையில் கொடுப்பேன். கொடுத்துவிட்டுக் கீழே ரோட்டில் நிற்பேன். நீ வரச் சொன்னால் மேலே வருகிறேன், சொல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். அடையாள அட்டையையும் அனுமதி அட்டையையும் ஒரே உறையில் வை. பேனா இரண்டு எடுத்துப் போ. கேள்வியை இரண்டு தடவை படி.

என்னை மன்னித்துவிடு. கேட்பதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். உடனே வேண்டாம், உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது.

அதற்கு முன்னால் ஒரு பயிற்சி. நாளைக்கே செய். எனக்கு ஒரு கடிதம் எழுது, பிரெஞ்சில். எனக்கு ஒரு எழுத்தும் விளங்காது, மிஸ் திருத்தட்டும். வூ ஒன்றுகூட வரக் கூடாது. முதல் வரி என்ன எழுதுவது என்று நீ யோசிக்க வேண்டாம், நானே தருகிறேன். இதைத் தூ போட்டு எழுது:

அப்பா, நீ என்னிடம் பொய் சொன்னாய்.